290-க்குள் அடங்காத கென்யா

ஒரு தொகுதியில் 3.71 லட்சம் பேர். இன்னொன்றில் 22 ஆயிரம் பேர். இரண்டுக்கும் ஒவ்வொரு எம்.பி.தான். சட்டம் குறித்த கெடு தாண்டிப்போன பிறகும் எல்லைக்கோட்டைத் தொட யாரும் அவசரப்படவில்லை. ஏன்?

இன்னும் விடியவில்லை. ரூயிரு நிறுத்தத்தில் மட்டாட்டு வேன்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருக்கின்றன. வாசலில் தொங்கியபடி 'தாவோ, தாவோ' என்று கூவி நைரோபிக்கு ஆள் ஏற்றுகிறார்கள் நடத்துநர்கள். ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் காப்பித் தோட்டம். இப்போது பால்கனி முழுக்கத் துணி காயும் ஐந்து மாடி, ஆறு மாடிக் குடியிருப்புகள். நைரோபி வாடகை கட்டுப்படியாகாதவர்கள் இங்கே வந்து குடியேறி, திக்கா நெடுஞ்சாலையில் தினமும் வேலைக்குப் போய்வருகிறார்கள்.

அதே நேரத்தில், கிழக்கே கடலோரத்தில், பாட்டே தீவின் ஃபாசா துறையில் லாமு நகரத்துக்குப் போகும் படகு காத்திருக்கிறது. ஆள் நிறைந்துவிட்டது, ஆனாலும் கிளம்பவில்லை. அலையாத்திக் காடுகளுக்கு நடுவே ஓடும் குறுகிய நீர்வழியில் கடல் ஏறினால்தான் படகு நகரும். ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம், வங்கி என்று எந்த வேலையாக இருந்தாலும் முதலில் கடலின் சம்மதம் வேண்டும்.

ரூயிரு ஒரு நாடாளுமன்றத் தொகுதி. ஃபாசா இருக்கும் லாமு கிழக்கும் ஒரு நாடாளுமன்றத் தொகுதி. 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ரூயிருவில் 3,71,111 பேர். லாமு கிழக்கில் 22,258 பேர். லாமு கிழக்கில் ஒருவருக்கு இருக்கும் எடை, ரூயிருவில் பதினாறு பேர் சேர்ந்தாலும் வராது.

இந்த ஏற்றத்தாழ்வு 2024 மார்ச்சுக்குள் சீர்செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது அந்நாட்டு அரசமைப்பின் கட்டளை. அது நடக்கவில்லை. அடுத்த பொதுத்தேர்தல் 2027 ஆகஸ்ட் 10. அதற்கு முன் முழு மறுவரையறைக்கு நேரமில்லை என்று தேர்தல் ஆணையம் கைவிரித்துவிட்டது. தொகுதி மறுவரையறை என்ற சொல் நம் வாசகர்களுக்குப் புதிதல்ல என்பதால், கென்யர்கள் இதில் எங்கே சிக்கிக்கொண்டார்கள் என்று கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

கெடு தவறிய கதை

2010-ல் புதிய அரசமைப்பு வந்தபோது கென்யர்கள் ஒரு எண்ணைக் கல்லில் செதுக்கினார்கள்: 290 தொகுதிகள். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. வேண்டுமானால் அரசமைப்பையே திருத்த வேண்டும். அதற்கு முன் இருந்தவை 210. கூடுதல் 80 தொகுதிகளைப் பங்கு போடும் வேலை ஆண்ட்ரூ லிகாலே தலைமையிலான இடைக்கால ஆணையத்திடம் தொடங்கி, பெரும் சண்டைக்குப் பிறகு, 2012 மார்ச்சில் புதிய தேர்தல் ஆணையத்திடம் முடிந்தது. அந்த வரைபடத்தை எதிர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து 2012 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

எட்டு ஆண்டுக்குக் குறையாமல், பன்னிரண்டு ஆண்டுக்கு மிகாமல் அடுத்த மறுவரையறை நடந்தாக வேண்டும். அதாவது 2020 மார்ச் முதல் 2024 மார்ச்சுக்குள்.

அந்தக் கடைசி ஆண்டில் ஆணையத்தில் ஆளே இல்லை. 2022 அதிபர் தேர்தல் முடிவை அறிவிக்கும் நாளில் ஏழு ஆணையர்களில் நால்வர் தனியாக நிருபர்களைச் சந்தித்து, 'இந்த முடிவுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று விலகிக்கொண்டார்கள். வில்லியம் ரூட்டோ அதிபரானார். நால்வரில் மூவர் ராஜினாமா செய்தார்கள், ஒருவர் விசாரணைக்குப் பின் நீக்கப்பட்டார். எஞ்சிய மூவரின் பதவிக்காலம் 2023 ஜனவரியில் முடிந்தது. அதன்பிறகு ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் நியமன முறை பற்றிச் சண்டை போட்டே காலத்தைக் கழித்தன. எரஸ்டஸ் எதெகான் தலைமையில் புதிய ஆணையர்கள் பதவியேற்றபோது 2025 ஜூலை. கெடு தாண்டி ஓராண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.

ஒரு நாடு இரண்டரை ஆண்டு தேர்தல் ஆணையர் இல்லாமல் இருந்தது என்பதே தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். நமக்கு இப்போது வேண்டியது அதன் விளைவு.

■ சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்பின் 89-வது பிரிவு: மொத்த மக்கள்தொகையை 290-ஆல் வகுத்தால் வருவது ஒரு தொகுதியின் பங்கு. 2019 கணக்கெடுப்பில் கென்ய மக்கள்தொகை 4,75,64,296. எனவே பங்கு ஏறத்தாழ 1,64,015 பேர்.

நகரங்களிலும், ஆள் அடர்த்தி குறைந்த பகுதிகளிலும் இந்தப் பங்கிலிருந்து 40 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். மற்ற இடங்களில் 30 சதவீதம் வரை.

நில அமைப்பு, நகர மையங்கள், மக்களின் வரலாற்று, பொருளாதார, பண்பாட்டு உறவுகள், போக்குவரத்து வசதி ஆகியவற்றையும் ஆணையம் பார்க்க வேண்டும்.

பொதுத்தேர்தலுக்கு 12 மாதம் முன்பே வேலை முடிய வேண்டும். தாமதமானால் அந்தத் தேர்தலுக்குப் பழைய எல்லைதான்.

2010-ல் ஒரு சலுகையும் தரப்பட்டது: முதல் மறுவரையறையில் மட்டும், ஏற்கெனவே இருந்த எந்தத் தொகுதியும் ஒழிக்கப்படக் கூடாது.

பாதுகாப்பு முடிந்த தொகுதிகள்

பெட்டியில் உள்ள கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். முழுச் சண்டைக்கும் விதை அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சலுகையால் 2012-ல் ஏறத்தாழ 27 தொகுதிகள் மக்கள்தொகை போதாமலே பிழைத்தன. கென்யப் பத்திரிகைகள் இவற்றைப் 'பாதுகாக்கப்பட்ட தொகுதிகள்' என்றே எழுதுகின்றன. லாமு கிழக்கு, இசியோலோ தெற்கு, ஒதாயா, முகுர்வேய்னி எல்லாம் இந்தப் பட்டியலில் வருபவை. சலுகை முதல் முறைக்கு மட்டுமே. அடுத்த முறை ஆணையம் அளவுகோலைக் கையில் எடுத்தால் இவற்றில் எது தப்பும், எது பக்கத்துத் தொகுதியில் கரையும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே மறுவரையறை தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் அந்த எம்.பி.க்களுக்கு லாபம். அவர்கள் சதி செய்து தாமதப்படுத்தினார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் தாமதத்தைக் கண்டு அவர்கள் கண்ணீர் விடவும் இல்லை.

கோட்டோடு சேர்ந்து வரும் பணம்

எல்லைக்கோடு என்றால் எம்.பி. யார் என்ற கேள்வி மட்டும்தான் என்று நினைத்தால், கென்ய அரசியலின் பாதிதான் புரியும். மீதிப் பாதி தொகுதி வளர்ச்சி நிதி.

2003-ல் அதிபர் கிபாகி ஆட்சியில் வந்த திட்டம் இது. மத்திய அரசு வருவாயில் குறைந்தது 2.5 சதவீதம் தொகுதிகளுக்குப் போகிறது. அதில் பெரும் பகுதி தொகுதிகளுக்குச் சமமாகப் பங்கிடப்படுகிறது. தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு இல்லை, தொகுதிக்கு இவ்வளவு. ஒவ்வொரு தொகுதிக்கும் ஆண்டுக்குப் பத்துக் கோடி ஷில்லிங்குக்கு மேல் வருகிறது. பள்ளி வகுப்பறை, போலீஸ் சாவடி, எல்லாவற்றுக்கும் மேலாக ஏழை மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை இதிலிருந்துதான்.

இப்போது ரூயிருவையும் லாமு கிழக்கையும் மறுபடி பக்கத்தில் வையுங்கள். ஏறத்தாழ ஒரே தொகை. ஒரு பக்கம் 3.71 லட்சம் பேர் மனுப் போடுகிறார்கள், இன்னொரு பக்கம் 22 ஆயிரம் பேர். உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத ஒரு தாய் ரூயிருவில் விண்ணப்பம் நிரப்பும்போது, அவளுக்கு முன்னால் நிற்கும் வரிசையின் நீளத்தைத் தீர்மானிப்பது எல்லைக்கோடு. விண்ணப்பதாரர் கூடக் கூட ஒருவருக்குக் கிடைக்கும் தொகை தேய்கிறது. கட்டணத்தில் ஒரு பகுதிதான் உதவித்தொகையாக வரும், மீதிக்குச் சொந்தக்காரர்களிடம் கையேந்த வேண்டும்.

லாமு கிழக்குக்காரர்களுக்கும் இதே நிதி உயிர்நாடி. அங்கே ஒரு வகுப்பறைக்கு வேண்டிய சிமென்ட் மூட்டையும் படகில்தான் வர வேண்டும். தலைக்கணக்கில் பங்கிட்டால் அவர்களுக்குக் கிடைப்பதில் வகுப்பறைச் சுவர் எழும்பும், கூரை எழும்பாது. வடக்கிலும் கடலோரத்திலும் வாழ்கிறவர்கள் கேட்பது நியாயமான கேள்வி: சுதந்திரத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் சாலையும் ஆஸ்பத்திரியும் தராமல் ஒதுக்கிவிட்டு, இன்று ஆளை எண்ணிக் காசு தருவேன் என்றால் எப்படி?

மலையடிவார அரசியல்வாதிகள் ஒரு முழக்கத்தை வைத்திருக்கிறார்கள்: 'ஒரு ஆள், ஒரு வாக்கு, ஒரு ஷில்லிங்.' கென்ய மலையைச் சுற்றியுள்ள மாவட்டங்கள் ஜனநெருக்கடி மிகுந்தவை. ஆள் எண்ணிக்கைப்படி பங்கு கேட்பதில் அவர்களுக்கு லாபம். துணை அதிபராக இருந்தபோது ரிகாதி கச்சாகுவா 2024-ல் இதை ஊர் ஊராகப் பேசினார். வடக்கில் இதைக் கேட்டவர்கள் கொதித்தார்கள்.

இந்த நிதி சட்டப்படி செல்லுமா என்பதே தீராத வழக்கு. சட்டம் இயற்ற வேண்டியவர்கள் திட்டம் நடத்தலாமா என்ற கேள்வியில், 2022-ல் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தைச் செல்லாது என்றது. 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் இப்போதைய சட்டத்தையும் செல்லாது என்று சொல்லி, 2026 ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தது. எம்.பி.க்கள் சும்மா இருப்பார்களா? ஒரு பக்கம் மேல்முறையீடு. இன்னொரு பக்கம், நிதியை அரசமைப்பிலேயே எழுதிவைக்க ஒரு திருத்த மசோதா. கட்சி பேதம் பாராமல் கைதூக்கி 2025-ல் தேசிய அவையில் நிறைவேற்றிவிட்டார்கள். தொகுதி எல்லையைத் திருத்தும் வேலைக்கு இந்த ஒற்றுமையில் கால்வாசி காட்டியிருந்தால் கெடு தவறியிருக்காது.

மலையடிவாரத்தில் ஒரு முரண்

'ஒரு ஆள், ஒரு வாக்கு' முழக்கத்தின் தாய்வீடுகளில் ஒன்று நியேரி. கச்சாகுவா துணை அதிபராகும் முன் எம்.பி.யாக இருந்த மதீரா இங்கேதான். முன்னாள் அதிபர் முவாய் கிபாகியின் ஒதாயாவும் இங்கேதான். நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாய் 2002-ல் ஜெயித்த டேட்டுவும் இங்கேதான்.

2019 கணக்கைப் பாருங்கள். டேட்டு 80,453. முகுர்வேய்னி 89,137. ஒதாயா 91,081. தேசியப் பங்கு 1,64,015; 30 சதவீதச் சலுகை கொடுத்தாலும் குறைந்தது 1,14,811 பேர் வேண்டும். மூன்றும் வரம்புக்கு வெகு கீழே. 'ஒரு ஆள், ஒரு வாக்கு' என்ற கோஷம் உண்மையில் நடைமுறைக்கு வந்தால் முதல் கத்தி கோஷம் போட்டவர்களின் வீட்டுக்குள்ளேயே விழும்!

தப்பிக்க வழி இல்லாமலும் இல்லை. அதே மாவட்டத்தின் கியேனியில் ஏறத்தாழ 1.99 லட்சம் பேர் இருக்கிறார்கள். அங்கிருந்து வெட்டி இந்தப் பக்கம் ஒட்டினால் ஆறு தொகுதிகளும் பிழைக்கலாம். ஆனால் எந்த எம்.பி. தன் ஓட்டு வங்கியைப் பக்கத்து எம்.பி.க்கு மனமுவந்து தருவார்?

இதே கதைதான் ரூயிரு இருக்கும் கியாம்பு மாவட்டத்திலும். 12 தொகுதிகள், 24,17,735 பேர். சராசரி 2,01,478. 30 சதவீத உச்சவரம்பு 2,13,220. அதாவது மாவட்டத்துக்கு ஒரு தொகுதிகூடக் கூட்டாமல், உள்ளே மட்டும் கோடுகளை மாற்றினாலே சட்டத்துக்குள் அடக்க முடியும். ரூயிருவில் 3.71 லட்சம், ஜூஜாவில் 3 லட்சம் பேர் நெருக்கும்போது, அதே மாவட்டத்தின் கட்டுண்டு வடக்கில் 1,09,870 பேர், கட்டுண்டு தெற்கில் 1,22,103 பேர். கட்டுண்டு தெற்கு, நாட்டின் முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டா குடும்பத்தின் சொந்த மண். உஹுரு கென்யாட்டா எம்.பி.யாக இருந்த தொகுதி. அந்தக் கோட்டில் கைவைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அதைவிட லாமுவைக் காட்டி மைக் பிடிப்பது சுலபம்.

ஐந்து இடத்துக்கா இத்தனை சண்டை?

நாற்பத்தேழு மாவட்டங்களின் 2019 மக்கள்தொகையை அவற்றின் தொகுதி எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தபோது இந்தக் கட்டுரையாளருக்கு ஒரு வியப்பு. மேல்வரம்பை மொத்தமாகத் தாண்டி, உள்ளே எப்படி வெட்டினாலும் சரிப்படாதவை மூன்றே மூன்று.

முதலாவது நைரோபி. 43,97,073 பேருக்கு 17 தொகுதிகள். நகரம் என்பதால் 40 சதவீதச் சலுகை கொடுத்தாலும் 20 வேண்டும். இரண்டாவது கஜியாடோ. ஒங்காடா ரொங்காய், கிட்டெங்கேலா போன்ற நைரோபியின் புறநகர்கள் வீங்கி நிற்கும் மாவட்டம். 11,17,840 பேருக்கு ஐந்து தொகுதிகள், ஆறு வேண்டும். மூன்றாவது தெற்குக் கடலோரத்தின் குவாலே. நான்குக்கு ஐந்து வேண்டும், அதுவும் மயிரிழையில். மொத்தம் ஐந்து புதிய இடங்கள்.

கீழ்ப்பக்கம், 40 சதவீதச் சலுகைக்கும் கீழே விழுபவை இரண்டு: லாமுவும் டைட்டா டவேட்டாவும். மற்ற மாவட்டங்கள் எல்லாம் தங்கள் வீட்டுக்குள்ளேயே சுவரை நகர்த்தி இந்த வரம்புக்குள் வரக்கூடியவை.

வெறும் கூட்டல் கழித்தலில் கோடு வரைந்துவிட முடியாது. ஆறும் மலையும் இனக்குழு எல்லையும் குறுக்கே வரும். கணக்கெடுப்பு முடிந்து ஆண்டுகள் ஓடி, புறநகர்கள் இன்னும் பெருத்திருக்கும். அப்படியிருந்தும் இந்தக் கணக்கு ஒன்றைக் காட்டுகிறது. மலைக்கும் வடக்கிற்கும் நடக்கும் போர் என்று மேடையில் வர்ணிக்கப்படுவதில் பெரும்பகுதி, ஒரே மாவட்டத்துக்குள் ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய பாகப்பிரிவினை.

ஐந்து இடத்தை இங்கிருந்து அங்கே நகர்த்துவதற்குப் பதில், முன்னாள் அதிபர் உஹுருவும் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ரைலா ஒடிங்காவும் கைகோத்துக் கொண்டுவந்த 'பாலம் கட்டும் முயற்சி' என்ற 2020 திருத்த மசோதா, 70 புதிய தொகுதிகளைச் சேர்த்து 360 ஆக்கப் பார்த்தது. யாருக்கும் நஷ்டமில்லாமல் எல்லாருக்கும் பந்தி! எந்த மாவட்டத்துக்கு எத்தனை என்ற பங்கையும் அரசியல்வாதிகளே மசோதாவில் எழுதிவிட்டார்கள். மக்களிடம் கேட்கவில்லை. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. எழுபது எம்.பி.க்களுக்குச் சம்பளமும் காரும் யார் தருவது என்று கேட்டுக்கொண்டிருந்த கென்ய வரிசெலுத்துவோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

■ யாருக்கு எத்தனை?

2019 மக்கள்தொகை, இப்போதைய தொகுதிகள், சலுகை இல்லாமல் 1,64,015-ஆல் வகுத்தால் வரும் தொகுதிப் பங்கு:

நைரோபி: 43,97,073 பேர், 17 தொகுதிகள், பங்கு 26.8
கியாம்பு: 24,17,735 பேர், 12 தொகுதிகள், பங்கு 14.7
கஜியாடோ: 11,17,840 பேர், 5 தொகுதிகள், பங்கு 6.8
நியேரி: 7,59,164 பேர், 6 தொகுதிகள், பங்கு 4.6
டைட்டா டவேட்டா: 3,40,671 பேர், 4 தொகுதிகள், பங்கு 2.1
லாமு: 1,43,920 பேர், 2 தொகுதிகள், பங்கு 0.9

தலை எண்ணுவதிலேயே தகராறு

வகுப்பதற்கு முன்னால் வகுபடும் எண் சரியாக இருக்க வேண்டுமே! வடகிழக்கில் அதுவே கிடையாது.

2009 கணக்கெடுப்பில் மண்டேரா மாவட்டத்தின் மக்கள்தொகை 10,25,756. பத்து ஆண்டு கழித்து, 2019-ல், 8,67,457. பெரிய குடும்பங்களும் இளம் வயதினரும் நிறைந்த ஒரு மாவட்டத்தில், பத்தே ஆண்டில் ஒன்றரை லட்சம் பேர் எங்கே போனார்கள்? ஒன்று, முதல் எண் ஊதப்பட்டது. அல்லது இரண்டாவது எண் அமுக்கப்பட்டது. இரண்டு வாதத்துக்கும் ஆள் உண்டு. 2010-ல் திட்ட அமைச்சராக இருந்த விக்ளிஃப் ஓபரன்யா, வடக்கின் எட்டுப் பகுதிகளின் எண்கள் நம்பும்படி இல்லை என்று ரத்து செய்தார். அது பெரிய வழக்கானது. 2025 ஜனவரியில் நிலைமை தலைகீழ்: மண்டேரா, வஜீர், கரிஸா பகுதிகளின் 2019 எண்கள் செல்லாது என்று கரிஸா உயர் நீதிமன்றம் சொன்னது, இம்முறை மக்களின் புகாரின் பேரில்.

இங்கே எண்ணுவது லேசான வேலை இல்லை. ஒட்டகத்தோடு மேய்ச்சல் தேடிப் போகும் குடும்பத்துக்கு எத்தியோப்பிய எல்லையும் சோமாலிய எல்லையும் மணலில் தெரியாத கோடுகள். கணக்கெடுப்பு இரவில் அவர்கள் எந்தப் பக்கம் தங்கினார்களோ அதுவே அடுத்த பத்தாண்டுக்கு அவர்கள் தலையெழுத்து. அல் ஷபாப் தீவிரவாதிகள் பயத்தில் கணக்கெடுப்பாளர் நுழையாத ஊர்கள் உண்டு. பஞ்ச காலத்தில் உணவு அட்டைக்காக அகதி முகாமில் பெயர் பதிந்து, பின்னாளில் 'நீ கென்யன் இல்லை' என்ற பதிலைக் கேட்ட கென்யர்களும் உண்டு. இந்த மக்களின் எண் குறைந்தால் தொகுதியும் குறையும், நிதியும் குறையும். எண்ணைக் கூட்டிக் காட்டும் ஆசையும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

எண்ணிக்கை எட்டாத இடங்கள்

நைரோபியின் மத்தாரே தொகுதியின் பரப்பு ஏறத்தாழ மூன்று சதுர கிலோமீட்டர். அதற்குள் 2,06,564 பேர். எம்.பி. காலையில் நடக்கக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் தொகுதியைச் சுற்றி வந்துவிடலாம். வடக்கே மார்சபிட் மாவட்டத்தின் வடக்கு ஹோர் தொகுதியோ ஏறத்தாழ 39 ஆயிரம் சதுர கிலோமீட்டர். முழுக் கேரளத்தின் பரப்பு. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பாலைவனத்தில் ஜீப்பில் போவதற்கு நாள் கணக்காகும். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் அரசமைப்பு 40 சதவீதச் சலுகையைத் தந்தது.

பரப்பைவிடச் சிக்கலானது சிறுபான்மைக் கேள்வி. பாரிங்கோ ஏரிக் கரையில் வாழும் இல்சாமஸ் மக்கள் ஒரு சின்ன இனக்குழு. அதிபர் டேனியல் அரப் மோய் பல பத்தாண்டுகள் எம்.பி.யாக இருந்த பாரிங்கோ மத்தியத் தொகுதியில் அவர்கள் ஓட்டு கரைந்தே போனது. தங்களில் ஒருவர் நாடாளுமன்றம் போனதே இல்லை என்று வழக்குப் போட்டார்கள். 2006-ல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு ஆப்பிரிக்கச் சட்ட வட்டாரங்களில் இன்றும் பேசப்படுகிறது: சிறுபான்மையினர் தங்கள் பிரதிநிதியைப் பெற உரிமை உடையவர்கள், எல்லை வரையும்போது ஆணையம் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். 2012 வரைபடத்தில் பாரிங்கோ தெற்கு தனித் தொகுதியானது. அதில் இல்சாமஸ் என்ற பெயரிலேயே ஒரு வார்டும் உண்டு.

லாமு கிழக்குக்காரர்களின் வாதமும் இதுதான். தீவுகளில் பஜூனி மீனவர்கள். கரையில் போனி காட்டில் அவேர் மக்கள், காட்டை நம்பி வாழ்ந்த மிகச் சிறிய இனம். லாமு மேற்கோடு சேர்த்துவிட்டால், அங்கே உள்ள 1,21,662 பேருக்கு நடுவே இந்த 22 ஆயிரம் பேரின் குரல் யாருக்குக் கேட்கும்? லாமுவுக்குத் தனி செனட்டர் இருக்கிறாரே என்று மலையடிவாரத்தார் பதில் சொல்கிறார்கள். செனட்டில் நைரோபிக்கும் ஒருவர், லாமுவுக்கும் ஒருவர் என்பது உண்மை. ஆனால் செனட்டின் அதிகாரம் பெரும்பாலும் மாவட்ட விவகாரங்களோடு நிற்கிறது. தொகுதி நிதி செனட்டர் கைக்கு வருவதில்லை.

பழைய காயம்

எல்லைக்கோட்டை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதைக் கென்யா அனுபவித்துத் தெரிந்துகொண்ட நாடு. 1992-ல் பலகட்சித் தேர்தல் திரும்பியபோது மோய் 36 சதவீத ஓட்டில் அதிபராக ஜெயித்தார். அவருடைய கானு கட்சிக்கு 188 தொகுதிகளில் 100 கிடைத்தன. எதிர்க்கட்சி ஓட்டு பெருநகரங்களிலும் மலையடிவாரத்திலும் பெரிய தொகுதிகளில் குவிந்து கிடந்தது. ஆளுங்கட்சி ஆள் குறைந்த சின்னத் தொகுதிகளை அள்ளியது. ஓட்டுப் பெட்டியைத் தொடாமலே முடிவை வளைக்க முடியும் என்பதற்கு நல்ல உதாரணம்.

2007 தேர்தலுக்குப் பின் வெடித்த கலவரத்தில் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். தேர்தல் முறையை ஆராய வந்த தென்னாப்பிரிக்க நீதிபதி யோஹன் கிரிக்லர் 2008-ல் கொடுத்த அறிக்கை, தொகுதிகளின் பாரதூரமான ஏற்றத்தாழ்வையும் நோயின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்தது. அப்போது நைரோபியின் எம்பகாசி ஒரே தொகுதி. 2012-ல் அதை ஐந்தாக உடைத்தார்கள். நைரோபி எட்டிலிருந்து 17 ஆனது. அந்த மருந்தின் வீரியம் தீர்ந்துவிட்டது என்பதுதான் இன்றைய நிலை.

2024 ஜூனில், வரிகளைக் கூட்டும் நிதி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தார்கள். மசோதாவுக்குக் கை தூக்கிய எம்.பி.க்களின் கைப்பேசி எண்ணைப் பகிர்ந்து, 'எங்கள் ஓட்டில் போனவர்தானே' என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பலர் வாழ்வது நைரோபியிலும் அதன் புறநகர்களிலும். நாடாளுமன்றத்தில் ஆள் கணக்குக்கு மிகக் குறைவாக இடம் பெற்ற பகுதி அதுவே. கோபத்துக்கு ஆயிரம் காரணம் உண்டு. உள்ளே தங்களுக்குப் போதுமான குரல் இல்லை என்பதும் அதில் ஒன்று என்று கருதுவது தவறாகாது.

இனி?

புதிய ஆணையத்தின் மீது எல்லாப் பழியையும் போடுவது நியாயமில்லை. கெடு முடிந்தபோது அவர்கள் பதவியிலேயே இல்லை. ஆனால் 2027 வரை காத்திருப்பதற்குச் சமாதானமும் கிடையாது. வடகிழக்கில் யாரும் மறுக்க முடியாத ஒரு தலைக்கணக்கை எடுக்கும் வேலையைத் தேர்தலுக்கு முன்பே தொடங்கலாம். கியாம்பு, நியேரி போன்ற இடங்களில் உள்வீட்டுக் கோடுகளின் வரைவை இப்போதே மக்கள் முன் வைக்கலாம். தொகுதிக்கு இவ்வளவு என்று கொடுக்கும் நிதியை, மக்கள்தொகையோடு வறுமையையும் தூரத்தையும் சேர்த்து எடைபோட்டுக் கொடுத்தால், கோட்டை நகர்த்துவதில் இருக்கும் உயிர்ப்பயம் பாதி குறையும். இந்த மூன்றில் கடைசி ஒன்றுக்குத்தான் எம்.பி.க்கள் ஒருபோதும் சம்மதிக்க மாட்டார்கள். நிதியை அரசமைப்பில் எழுதிவைக்கத் துடிக்கிறவர்கள், அதன் பங்கீட்டு முறையை மட்டும் தொட விடுவார்களா?

2027 ஆகஸ்ட் 10 அன்று கென்யர்கள் பழைய 290 தொகுதிகளில்தான் ஓட்டுப் போடப்போகிறார்கள். அந்தக் கோடுகள் 2012-ல் வரையப்பட்டவை. வரையப் பயன்பட்டது 2009-ன் மக்கள்தொகை.